ஸ்பைடர்-கேர்ள் முழுத்தொகுப்பு, முதல் தொகுதி: பாண்டியிலும் கடலூரிலும் இருப்பவர்கள் வாங்கலாமா?

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களிடம் 'ஸ்பைடர்' என்று சொன்னால், கூரிய காதும் கறுப்பு உடையுமாக வரும் அந்தப் பழைய பிரிட்டிஷ் ஆசாமிதான் முதலில் நினைவுக்கு வருவார். குற்றச் சக்கரவர்த்தியாக ஆரம்பித்து, பிறகு நல்லவர்கள் பக்கம் சாய்ந்தவர். அவருக்கும் இந்தப் புத்தகத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது மார்வெல் நிறுவனம் 1962 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய ஸ்பைடர்-மேன், அதாவது பீட்டர் பார்க்கரின் குடும்பக் கதை. நாயகி அவருடைய மகள் மே பார்க்கர். வீட்டிலும் பள்ளியிலும் 'மேடே' என்று கூப்பிடுகிறார்கள். வயது பதினைந்து. அப்பாவின் சக்தி அவளுக்குக் கேட்காமலே வந்துவிடுகிறது. அப்பா செய்துவந்த வேலையையும் அவள் எடுத்துச் செய்யலாமா கூடாதா என்பதில்தான் வீட்டில் சண்டை.

சினிமாவில் ஸ்பைடர்-மேனைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் காமிக்ஸ் கேட்கும்போது, கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார். பாதி வீட்டில் முதல் பத்துப் பக்கத்தோடு புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். காரணம், அறுபது வருடத்துக் கதையின் நடுவில் எங்கோ ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்ததுதான். இந்தத் தொகுதிக்கு அந்தச் சிக்கல் இல்லை. முன்கதை தெரியாதவர்களும் முதல் பக்கத்திலிருந்தே படிக்கலாம். ஒருவருக்கு வாங்கிக் கொடுக்கும் முதல் மார்வெல் புத்தகமாக இதைச் சொல்ல அதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் பீட்டர் பார்க்கரின் கால். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 1998 பிப்ரவரி தேதியிட்ட 'வாட் இஃப்' இதழ் எண் 105இல் மேடே முதன்முதலாக வந்தாள். டாம் டிஃபால்கோ எழுத, ரான் ஃப்ரென்ஸ் வரைந்த ஒற்றைக் கதை. அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, அதே ஆண்டு அக்டோபர் தேதியிட்டு ஸ்பைடர்-கேர்ள் தனி மாத இதழாகத் தொடங்கியது. எழுத்து டிஃபால்கோவே. பென்சில் ஓவியம் பேட் ஒலிஃப், அதன்மேல் மை போட்டவர் அல் வில்லியம்சன். 2018இல் வந்த இந்த முழுத்தொகுப்பின் முதல் தொகுதியில் அந்த ஆரம்பக் கதையும் (அது '0' என்ற எண்ணோடு இருக்கும்) 1 முதல் 15 வரையான மாத இதழ்களும் 1999 ஆண்டு மலரும் அடக்கம். மொத்தம் சுமார் நானூறு பக்கம், முழு வண்ணம். மொழி ஆங்கிலம். தமிழில் இந்தத் தொடர் வரவில்லை.

இந்தத் தொடர் பிழைத்துக்கிடந்த கதையும் சுவாரசியமானது. மார்வெல் அப்போது எம்.சி.2 என்று ஒரு தனி வரிசை ஆரம்பித்தது. ஏற்கெனவே இருக்கிற நாயகர்களின் அடுத்த தலைமுறை, ஒரே நேரத்தில் மூன்று இதழ்கள். கூடப் பிறந்த எ-நெக்ஸ்ட், ஜே2 இரண்டும் பன்னிரண்டாவது இதழோடு நின்றுபோயின. ஸ்பைடர்-கேர்ளையும் நிறுத்தப்போகிறோம் என்ற அறிவிப்பு ஒருமுறைக்கு மேல் வந்தது. ஒவ்வொரு முறையும் வாசகர்கள் எழுதிக் குவித்து மீட்டார்கள். அப்படியே இழுத்துப் பிடித்து 2006இல் நூறாவது இதழைத் தொட்டது. அதன் பிறகும் வேறு பெயரில் முப்பது இதழ் போனது. பெண் சூப்பர்ஹீரோவை நாயகியாக வைத்து மார்வெல் அவ்வளவு நீளமாக நடத்திய இதழ் அதற்கு முன் கிடையாது. நிறுத்தப்படலாம் என்ற பயம் எழுத்தில் தெரிகிறது: பெரிய முடிச்சை ஐந்து மாதம் இழுக்காமல், ஒவ்வொரு இதழும் தன் கதையைத் தானே முடித்துவிடுகிறது. இன்றைய காமிக்ஸ்களில் இது அபூர்வம். படிக்கிற சிறுவனுக்கோ சிறுமிக்கோ இது பெரிய வசதி. ஒரு இதழ் 22 பக்கம். பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒன்று முடித்துவிடலாம்.

கதைக்கு வருவோம். பீட்டர், தன் பரம எதிரி கிரீன் காப்ளினோடு நடந்த கடைசிச் சண்டையில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, நியூயார்க் போலீஸின் தடயவியல் பிரிவில் வேலை பார்க்கிறார். மனைவி மேரி ஜேன். மகளுக்கு எதுவுமே சொல்லவில்லை. அவள் மிட்டவுன் பள்ளியின் கூடைப்பந்து அணியில் நன்றாக ஆடுகிற, படிப்பிலும் கெட்டியான ஒரு சாதாரணப் பெண். பயிற்சியாளர் யார் தெரியுமா? ஃப்ளாஷ் தாம்சன். பள்ளிக்காலத்தில் பீட்டரைக் கேலி செய்து கொன்ற அதே ஆள். பழைய கதை தெரிந்தவர்களுக்கு இது ஒரு கூடுதல் லட்டு. தெரியாதவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

சக்தி வெளிப்படும் இடம் ஆட்டத்தின் நடுவில். மனிதர்களால் எட்ட முடியாத உயரத்துக்கு எகிறிப் பந்தைக் கூடையில் அறைகிறாள். அரங்கமே ஆர்ப்பரிக்கிறது. அங்கேயே நிற்காமல் தொடர் அடுத்த கேள்வியையும் கேட்கிறது: சிலந்திச் சக்தியோடு ஒருத்தி அணியில் ஆடினால் எதிரணிக்கு அது நியாயமா? மேடே தனக்குப் பிடித்த அந்த ஆட்டத்தை விட்டு விலகுகிறாள். ஏன் விலகினாள் என்று தோழிகளிடம் சொல்ல முடியாது. பயிற்சியாளரிடமும் சொல்ல முடியாது. வில்லனைத் தூக்கி எறிகிற பக்கங்களை விட இதுதான் பலமாக நிற்கிறது. கடமை என்பது முதலில் எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் வரும் என்பதை வசனமாகச் சொல்லாமல் நிகழ்வாகவே காட்டிவிடுகிறார்கள்.

அப்பாவின் பயத்தைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கடலில் கை காலைக் கொடுத்துவிட்டுக் கரையேறிய ஒரு தேவனாம்பட்டினத்து அப்பா, மகன் படகில் கால் வைத்தாலே எப்படிக் கத்துவாரோ அப்படித்தான் பீட்டர் கத்துகிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வேலையின் விலை. மகளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வேலையின் தேவை. இருவரும் பொய் சொல்லவில்லை. முதல் கதையில் அப்பாவைத் தேடி வருகிற எதிரி நார்மி ஆஸ்போர்ன், பழைய கிரீன் காப்ளினின் பேரன். அவனும் ஒரு பரம்பரைச் சுமையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறான். தாத்தாவின் பகையைப் பேரன் எடுத்துக்கொள்கிறான், அப்பாவின் பொறுப்பை மகள் எடுத்துக்கொள்கிறாள். தொடர் முன்னேறும்போது மேடே அவனை எதிரியாகவே விட்டுவைப்பதில்லை. அடித்துப் போட்டுவிட்டுப் போவதை விட, பேசித் திருப்ப முடியுமா என்று பார்ப்பது அவளுடைய சுபாவம். அப்பாவிடமிருந்து வராத, அவளே கொண்டுவந்த குணம் இது. இந்தத் தொடரை மற்ற வாரிசுக் கதைகளிலிருந்து பிரிப்பதும் இதுவே.

வாரிசு என்றதும் நம் ஊர் காமிக்ஸ் வாசகருக்கு வேதாளர் நினைவுக்கு வராமல் போகாது. லீ ஃபாக் 1936இல் தொடங்கிய கதை. 1536இல் கடற்கொள்ளையரிடம் தந்தையை இழந்த ஒருவர் மண்டையோட்டின் மீது சத்தியம் செய்கிறார், அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக மகன்கள் அதே உடையைப் போட்டுக்கொள்கிறார்கள், நாம் படிப்பது இருபத்தோராவது வேதாளரை. அங்கே பிள்ளைக்குப் பிறந்த நாள் முதல் தெரியும், தான் என்னவாகப் போகிறோம் என்று. பயிற்சி, குகை, மோதிரம், ஏடு எல்லாம் தயார். மேடேவுக்கு எதுவும் தயாராக இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, சொல்லக்கூடாது என்று மறைக்கிற ஆட்கள்தான் இருக்கிறார்கள். அதனால்தான் அவள் செய்கிற தவறுகள் நம்பும்படி இருக்கின்றன. சுவரில் ஏறும்போது கவனம் சிதறினால் வழுக்குகிறாள். ஒரு எதிரியை மடக்கும் யோசனை மூன்றாவது முயற்சியில்தான் வருகிறது.

சக்தி விஷயத்தில் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'அப்பா மாதிரியேதான்' என்று நினைத்துக்கொண்டு படித்தால் சில சண்டைகள் புரியாது. அப்பாவுக்குக் கையும் காலும் சுவரில் ஒட்டும், அவ்வளவுதான். மகளுக்கு அந்த ஒட்டுகிற விசை இரண்டு பக்கமும் வேலை செய்யும். பொருளை இழுத்துப் பிடிக்கவும் முடியும், தள்ளி எறியவும் முடியும். தன் கையில் ஒட்டுவது மட்டுமல்லாமல், ஒரு ஆளை இன்னொரு பொருளோடு ஒட்டவைக்கவும் முடியும். அந்த இடங்களைக் கவனித்துப் பாருங்கள்; டிஃபால்கோ சண்டைக்கான யோசனைகளை அங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறார். இதற்கு விலையாக, அவள் ஒட்டிக்கொள்ள மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு மூச்சு விடுவதுபோல இயல்பாக வந்தது இவளுக்கு வேலையாக வருகிறது. உடல் பலத்திலும் அவள் அப்பாவை விடக் குறைவு. ஆபத்தை முன்கூட்டி உணர்த்துகிற சிலந்தி உணர்வு மட்டும் இவளுக்குக் கூர்மை அதிகம். ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து என்பதையும் சொல்லிவிடும்.

வலை உடம்பிலிருந்து வருவதில்லை. அது கருவி. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கி உள்ளங்கைப் பொத்தானை அழுத்தினால் திரவம் பீய்ச்சி, காற்றுப் பட்டதும் நூலாகும். குப்பிகள் தீர்ந்தால் மாற்ற வேண்டும். வலை சுமார் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். படங்களைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் 'குப்பி தீர்ந்துடுச்சா?' என்று கேட்பார்கள். ஆமாம், தீரும், சரியாக வேண்டாத நேரத்தில் தீரும். உடை அவளுடையதல்ல. பீட்டரின் நகலாக வந்து இறந்துபோன பென் ரைலியின் உடை. மார்பிலிருந்து தோளைத் தாண்டி நீளும் பெரிய சிலந்திக் கால்கள், கையுறைக்கு வெளியே தெரிகிற வலைக் கருவி, இரண்டும் அந்த உடையின் அடையாளம். தலை முதல் கால் வரை மூடிய உடை என்பதால், பெண் நாயகி காமிக்ஸ் என்றாலே தயங்குகிற பெற்றோருக்கும் இதில் சங்கடம் இருக்காது. சண்டை உண்டு, ரத்தம் தெறிக்கிற காட்சி கிடையாது.

இனிக் குறைகள். இருக்கின்றன, மழுப்ப வேண்டியதில்லை.

முதல் குறை, விருந்தாளிகள் கூட்டம். ஆரம்ப இதழ்களில் டார்க்டெவில், ஃபென்டாஸ்டிக் ஃபைவ் என்று வரிசையாக ஆட்கள் வந்து போகிறார்கள். தெரியாதவர்களுக்கு 'இவர் யார், ஏன் இவ்வளவு மரியாதை?' என்று தோன்றும். காரணம் வியாபாரம்: ஒரே வரிசையில் மூன்று இதழ்கள் ஒன்றாக வெளிவந்ததால், ஒன்றின் வாசகரை இன்னொன்றுக்கு இழுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த மற்ற இரண்டும் இல்லை, இழுவிசை மட்டும் பக்கத்தில் நிற்கிறது. அவர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தேவையில்லை. வந்தார், அடித்தார், போனார் என்று தாண்டிவிடலாம்.

இரண்டாவது, வில்லன்கள். மிஸ்டர் நோபடி, கிரேஸி எய்ட், டிராகன் கிங் என்று பெயரிலேயே பாதித் தமாஷ். நார்மி அளவுக்குக் கனம் உள்ளவர் முதல் பதினைந்து இதழில் மிகக் குறைவு. மூன்றாவது, ஒவ்வொரு மாதமும் புதிய வாசகர் வருவார் என்ற கணக்கில், நான் யார், என் அப்பா யார், என் சக்தி என்ன என்பது ஒவ்வொரு இதழிலும் மறுபடி சொல்லப்படுகிறது. மாதம் ஒன்று படித்தவர்களுக்கு அது வசதி. பதினைந்தையும் ஒரே மூச்சில் படிப்பவருக்குச் சலிப்பு. விவரிப்புப் பெட்டிகள் நாயகியை 'நீ' என்று கூப்பிட்டுப் பேசுகிற பாணி, முதல் இரண்டு இதழில் புதுசாக இருக்கும், ஐந்தாவதில் பழகிவிடும், பத்தாவதில் சிலருக்கு எரிச்சல் வரும். ஒரு நாளைக்கு இரண்டு இதழ் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். விடுமுறை நாளில் ஒரே உட்காரலில் முடிக்க நினைப்பது இந்தப் புத்தகத்துக்கு நியாயம் செய்யாது.

எங்கே நிதானித்துப் படிப்பது? '0' கதையைக் கண்டிப்பாக முதலில், நிதானமாக. பிறகு 10, 11 இதழ்கள். அவற்றில் மேடே காலத்தில் பின்னோக்கிப் போய், இரண்டு காலும் முழுதாக இருக்கிற, வாலிப வயது ஸ்பைடர்-மேனையே நேரில் பார்க்கிறாள். வீட்டில் கண்டிப்பும் கவலையுமாக இருக்கிற அப்பா, இங்கே வாய் ஓயாமல் கேலி பேசுகிற பையன். அவனிடம் 'நான் உன் மகள்' என்று சொல்ல முடியாது. தொகுதியின் சிறந்த நாற்பது பக்கங்கள் எவை என்றால் தயங்காமல் இவற்றைச் சொல்லலாம். ஒலிஃபின் ஓவியத்தில் முகபாவங்களும் சிறப்பு. மேடே முகமூடிக்குள் இருக்கும்போதும் தோள், கழுத்து, கை நிற்கிற விதத்திலேயே அவள் பயந்திருக்கிறாளா, நடிக்கிறாளா என்று தெரிந்துவிடும். வில்லியம்சனின் மை கோடுகள் மெல்லியவை, பழைய பாணி. கனமான கறுப்பு நிழலை எதிர்பார்ப்பவர்களுக்கு வெளிறித் தெரியலாம்.

ஆங்கிலம் எவ்வளவு கடினம் என்ற கேள்வி கண்டிப்பாக வரும். ஆங்கிலவழியில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை தனியாகப் படிக்கும். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்தாம் வகுப்பு சரி. சிக்கல் சொல் வளத்தில் இல்லை. எழுத்தெல்லாம் பெரிய எழுத்தில் இருப்பதும், தொண்ணூறுகளின் பள்ளிக்கூடப் பேச்சுவழக்கும், பாதியில் வெட்டிய சொற்களும்தான் தடுக்கும். முதல் சுற்றில் படத்தை மட்டும் பார்த்து ஓர் இதழை முடிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் வசன பலூன்களைப் படிக்கட்டும். யார் எந்த மனநிலையில் பேசுகிறார் என்று முன்பே தெரிந்திருப்பதால் பாதி அர்த்தம் தானாக விளங்கும். அகராதியோடு முதல் பக்கத்திலிருந்து உட்காரவைத்தால் மூன்றாவது பக்கத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள்.

அடுத்து, பொருளாக இந்தப் புத்தகம் எப்படி? அமெரிக்கக் காமிக்ஸ் அளவு, ஏறக்குறைய 17 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம். மெல்லட்டை. தையல் கிடையாது, தாள்களை அடுக்கி, முதுகில் பசை போட்டு ஒட்டியது. உள்தாள் வழவழப்பு. இந்த இரண்டும் நம் கடற்கரைக்குச் சேராது. ஏன் என்று சொல்லிவிடலாம். வழவழப்புத் தாளின் மேல்பூச்சு ஈரம் பட்டால் இளகும். காய்ந்ததும் பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படத்தின் ஒரு அடுக்கே உரிந்து வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சுவர் ஈரம் குடிக்கும் வீடுகளில், அந்தச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் இதை வைக்கவே கூடாது. வைத்தே தீரவேண்டும் என்றால் சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்தில் வறண்ட நாளில் மட்டும் உறையில் போட்டு, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் சரி.

பசை முதுகைப் பழக்க ஒரு முறை இருக்கிறது. நேரடியாக நடுவில் விரித்தால் பசை பிளந்து, அந்த இடத்தில் தாள்கள் கொத்தாகக் கழன்றுவிடும். மேசை மேல் புத்தகத்தின் முதுகை நிறுத்தி, முன் அட்டையைக் கீழே சாய்த்து, பிறகு பின் அட்டையைச் சாய்க்க வேண்டும். அப்புறம் முன்பக்கம் பத்துத் தாள், பின்பக்கம் பத்துத் தாள் என்று மாறி மாறிச் சாய்த்து, முதுகோரம் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே நடுவுக்கு வரவேண்டும். மொத்தம் ஐந்து நிமிட வேலை. இதைச் செய்தாலும் இரட்டைப் பக்கப் படங்களில் நடுப்பகுதி கொஞ்சம் மடிப்புக்குள் போய்விடும். அது இந்த வகைப் புத்தகத்தின் தலையெழுத்து, அழுத்தி விரித்து மீட்க நினைக்காதீர்கள்.

பள்ளிப் புத்தகம்போல பிரவுன் ஷீட் அட்டை போடுவதில் தவறில்லை. ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். உப்புக் காற்றில் ஓரிரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து அட்டையில் பழுப்புக் கறை இறங்கும். மடித்துச் செருகினாலே நிற்கும். கிழிந்த தாளுக்கு செல்லோடேப் வேண்டாம். மஞ்சளாகிப் பிசினாகிப் பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள். அந்துருண்டை போடுபவர்கள் அது தாளில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. இது இறக்குமதிப் புத்தகம். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் 2019 பட்ஜெட்டிலிருந்து இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீத சுங்கவரி உண்டு. அட்டையின் பின்புறம் டாலர் விலை அச்சாகியிருக்கும். அதை ரூபாய்க்கு மாற்றுவதில் விற்பனையாளருக்கு விற்பனையாளர் கணக்கு மாறும். ஆகவே ஒரே புத்தகத்துக்கு மூன்று விலை பார்ப்பது சாதாரணம். இணையத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் விற்கும்போது விலை தாறுமாறாக ஏறியிருக்கும். அவசரப்படாமல் விட்டுப்பிடித்தால் இறங்கும். பாண்டி, கடலூர்க் கடைகளில் அடுக்கிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சொல்லி வைத்து வரவழைக்கும் கடையிடம் பெயரோடு 'முதல் தொகுதி' என்பதையும், பின்னட்டையிலுள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிலந்திப் பெண் என்ற அளவில் வேறொரு நாயகியின் புத்தகம் வந்து நிற்கும். மார்வெலில் அப்படிப்பட்ட பெயர்கள் நிறைய உண்டு. அட்டையில் டிஃபால்கோ, ஒலிஃப் பெயர்கள் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

கூரியரில் வந்தால் பிரித்ததும் நான்கு மூலைகளையும் பாருங்கள். இந்த அளவு மெல்லட்டைப் புத்தகம் பெட்டியில் ஆடினால் முதலில் நசுங்குவது கீழ்மூலை. பிறகு பக்கங்களை ஒருமுறை ஓடவிட்டு, இதழ் அட்டைகள் வரிசையாக வருகின்றனவா என்று சரிபார்க்கவும். ஒரு கட்டுத் தாள் விட்டுப்போவது, ஒரே கட்டு இருமுறை வருவது எப்போதாவது நடக்கும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபிறகு கண்டுபிடித்தால் பயனில்லை. வசன எழுத்துகள் மங்கி, கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அது நகலெடுத்து அச்சடித்த திருட்டுப் பிரதி. விலை பாதி என்றாலும் வேண்டாம்.

தனி இதழ்கள் தேடுபவர்களுக்குப் பாண்டி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையின் பழைய புத்தகக் குவியல்கள் இருக்கின்றன. அமெரிக்கக் காமிக்ஸ் அங்கே சொல்லி வைத்துக் கிடைப்பதல்ல, தலைவிதிக்குக் கிடைப்பது. கிடைத்தால் முதலில் நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு பின்களையும் பாருங்கள். துரு இறங்கியிருந்தால் நடுத்தாள் சீக்கிரம் கழலும். அடுத்தது வாடை. பூஞ்சை நாற்றம் அடிக்கிற ஒன்றை வீட்டு அலமாரியில் சேர்த்தால் மற்றதையும் கெடுக்கும். 2004 முதல் வந்த சிறிய அளவுப் பதிப்புகளும் பழைய சந்தையில் தென்படலாம். அவற்றில் முதலாவதில் 0 முதல் 5 வரை உண்டு. கைக்கு அடக்கம், பேருந்தில் படிக்க வசதி. ஆனால் பெரிய பக்கத்துக்கு வரைந்ததைச் சுருக்கியதால் பலூன் எழுத்து கண்ணை வருத்தும். கண்ணாடி போடுகிற வயதுக்காரர்களுக்கு அது ஆகாது.

காசு குறைவாகச் செலவழிக்க நினைப்பவர்களுக்கு, இணையத்தில் மார்வெல் காமிக்ஸ் படிக்கத் தருகிற மார்வெல் அன்லிமிடெட் சந்தா இருக்கிறது. பத்து அங்குல டேப்லெட் இருந்தால் முழுப் பக்கமாக நன்றாகவே படிக்கலாம். செல்போனில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, ஒலிஃப் ஒரு பக்கத்தை அடுக்கியிருக்கும் அழகு போய்விடும். மேலே பள்ளி, கீழே அதே நேரத்தில் வீட்டில் அப்பா என்று இணையாக ஓடும் கட்டங்கள் தனித்தனித் துண்டாகிவிடும். சந்தாவில் '0' கதையை மட்டும் படித்துப் பார்த்து, பிடித்தால் புத்தகம் வாங்குவது புத்திசாலித்தனம்.

யார் வாங்க வேண்டாம்? பக்கத்துக்குப் பக்கம் அடிதடி எதிர்பார்ப்பவர்கள், இருண்ட கதைகளில் ஊறியவர்கள், பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் படம் பார்க்க மட்டும் தேடுபவர்கள். பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுக்குள் ஒரு பெண் இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மார்வெல் தொகுதி சொல்வது கடினம். அப்பா அம்மாவும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பீட்டரும் மேரி ஜேனும் அடைக்கிற கதவுகள் பெரியவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும்.

அடுத்த தொகுதிகளும் வந்திருக்கின்றன, கதை விடாமல் தொடர்கிறது. ஆனால் மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். இந்த முதல் தொகுதியின் 11ஆம் இதழை முடித்தபிறகு வீட்டில் யாராவது 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டால் இரண்டாவதுக்குச் சொல்லி வையுங்கள்.